நம்ம வீட்டு லட்சுமி



உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பூஜை அறையில் பழைய ரவிவர்மா படம் மாட்டியிருக்கிறது? கண்ணாடி மங்கி, சட்டம் கறுத்து, ஓரமெல்லாம் பழுப்பேறிப் போய் இருக்கும். "வயசான படம், எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு மாட்டலாமா?" என்று ஒரு தடவையாவது நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தவள்தான். அந்தப் படத்தை நானே பாழாக்கி, அதையே வாட்டர் கலரில் இரண்டு தடவை வரைந்த கதையை எழுதுகிறேன். படம் வரைகிறவர்களுக்கு இதில் சில உபயோகமான குறிப்புகள் உண்டு. வரையாதவர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு மயிலாடுதுறையில். கல்யாணமாகி நான் இங்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பெண் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, அவள் விட்டுப் போன வாட்டர் கலர் டப்பாவைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கெட்டித் தாள் வைத்த நோட்டு ஒன்று வாங்கி, மத்தியானம் அடுப்படி வேலை முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து எதையாவது வரைய ஆரம்பித்தேன். அரிவாள்மணை, தயிர் மத்து, மொட்டை மாடியில் காயும் வடகம், வாசலில் போட்ட கோலம்... எது கண்ணில் படுகிறதோ அது. வரைந்து, தேதி போட்டு, பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைப்பேன். "அம்மாவோட ஓவிய நோட்டு" என்று பெண் அதற்குப் பெயரே வைத்து விட்டாள். கணக்கு நோட்டு, பால் நோட்டு மாதிரி எனக்கு இதுவும் ஒரு நோட்டு.

எங்கள் பூஜை அறையில் நடுநாயகமாக இருந்தது ரவிவர்மாவின் லட்சுமி. தாமரை மேல் நின்ற கோலம். மேல் கைகள் இரண்டிலும் தாமரைப் பூ. பக்கத்தில் தும்பிக்கையில் மாலை ஏந்திய யானை. பின்னால் மங்கலாகத் தண்ணீர். ஆனால் எங்கள் வீட்டு லட்சுமிக்கு ஒரு விசேஷம் உண்டு. படத்தில் அச்சடித்த புடவை தெரியாதபடி, அதன் மேல் நிஜத் துணியைக் கொசுவம் கொசுவமாக மடித்து ஒட்டி, ஓரத்தில் ஜரிகை வைத்து, சம்கி தைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இப்படிச் சாமி படத்துக்குப் புடவை சாத்துகிற வழக்கம் இருந்தது. செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளில் நீங்களும் பார்த்திருக்கலாம். எங்கள் படத்தில் இருந்த துணி ஒரு காலத்தில் அரக்குச் சிவப்பாக இருந்திருக்க வேண்டும். நான் பார்த்த நாளாகப் பழைய செங்கல் நிறம்தான்.

அதை யார் சாத்தினார்கள் என்று இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. அதுதான் வேடிக்கை.

போன வருஷம் வரலட்சுமி நோன்புக்கு இரண்டு நாள் முன்னால், பூஜை அறையைச் சுத்தம் பண்ணக் கிளம்பினேன். எல்லாப் படத்தையும் இறக்கித் துடைத்தேன். லட்சுமி படத்தில் கண்ணாடிக்கு உள்ளேயே தூசி. சட்டத்தின் ஆணியைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்தேன். சும்மா விட்டிருக்கலாம். "இவ்வளவு தூரம் எடுத்தாச்சு, லேசா ஒரு துடை துடைச்சுடுவோம்" என்று ஈரத் துணியை வைத்தேன்.

அவ்வளவுதான்! முகத்தில் இருந்த வார்னிஷ் முன்பே பொடிப்பொடியாக வெடித்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய், கன்னத்தில் ஆரம்பித்து நெற்றி வரைக்கும் காகிதத்தின் மேல்தோல் துணியோடு உரிந்து வந்து விட்டது. பதறிப் போய்க் கையை எடுக்கும்போது புடவையும் கையோடு வந்தது. மைதாப் பசையில் ஒட்டியது. ஈரம் பட்டால் விடாதா? தரையெல்லாம் சம்கி.

அத்தை வாசல்படியில் நின்று பார்த்துக் கொண்டிருந்தார். எண்பதைத் தொட்டுக் கொண்டிருக்கும் வயசு. எதற்கும் நாலு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. மெல்லக் குனிந்து அந்தத் துணியை மட்டும் எடுத்தார். உள்பக்கம் மடித்திருந்த ஓரம் கறுத்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று நினைத்துக் கொண்டேன். அத்தை அதைச் சுருட்டித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி விட்டார்.

"போனா போவுது விடு. கடையில புதுசா ஒரு லட்சுமி வாங்கிக்கலாம்" என்றார் என்னவர். ஆண்களுக்கு எல்லாமே கடையில் கிடைக்கும்!

நோன்பன்று வந்த உறவுக்காரப் பெண்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எங்க அந்தப் பெரிய படம்?" எனக்கு முகம் செத்து விட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை சொன்னார்: "பழசாப் போச்சு. நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்." அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் என்னிடம் மட்டும் அத்தை முன்போலப் பேசவில்லை. ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்து விடுவார். எனக்கு ஒரு வாய் உள்ளே இறங்காது. திட்டியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது.

அப்போதுதான் தோன்றியது. படத்தைச் சரிசெய்ய என்னால் முடியாது. ஆனால் மிச்சமும் போவதற்குள் நோட்டில் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் அல்லவா?

கும்பிட்டே பழகிய படத்தை வரைய உட்கார்ந்தபோதுதான் முதல் முறையாகக் கவனித்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் ரவிவர்மா பிரஸ், கார்லா லோனாவ்லா என்று ஆங்கிலத்தில் இருந்தது. லைப்ரரியிலிருந்து என்னவரை இரண்டு புத்தகம் எடுத்து வரச் சொல்லிப் படித்தேன். சுவையான விஷயங்கள் கிடைத்தன.

ராஜா ரவிவர்மா பிறந்தது 1848ல், கேரளத்துக் கிளிமானூரில். மறைந்தது 1906ல். ஒரு ஓவியத்தை ஒரு அரண்மனைதான் வைத்துக் கொள்ள முடியும். அச்சடித்தால் எல்லார் வீட்டுக்கும் போகும் என்று 1880களில் அவருக்கு யோசனை சொன்னவர் திவான் மாதவ ராவ். அவர் நம் கும்பகோணத்தில் பிறந்தவர்! அந்த யோசனை பலித்து, 1894ல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. பிற்பாடு லோனாவ்லா பக்கம் மளவலிக்குப் போனது. ஜெர்மன்காரர் ஷ்லைஷர் கைக்கு மாறிய பிறகும் படங்கள் வந்து கொண்டே இருந்தன. 1972ல் தீப்பிடித்து அச்சகம் எரிந்து போனதாம்.

அச்சடித்த விதமும் அதிசயம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை வரைவார்கள். கல்லை நனைத்து விட்டு அச்சு மையை உருட்டினால், ஈரம் உள்ள இடத்தில் மை ஒட்டாது. வரைந்த கோட்டில் மட்டும் ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது அடுப்படியில் இருக்கிற நமக்குத் தெரியாதா என்ன! ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரே தாளைக் கல் மாற்றிக் கல் வைத்துப் பல தடவை அழுத்தினால் ஒரு லட்சுமி. கடைசியில் எண்ணெய் ஓவியம் போல மின்ன வார்னிஷ். நான் உரித்து எடுத்தது அந்த வார்னிஷைத்தான்.

இன்னொன்றும் படித்தேன். எண்ணெய் ஓவியத்துக்குப் பேர் போன ரவிவர்மாவுக்கு முதலில் வாட்டர் கலர் சொல்லிக் கொடுத்தவர், திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு. அவருடைய தங்கை மங்களாபாயும் ஓவியர்தான். அண்ணனையே படமாக வரைந்திருக்கிறார். இதைப் படித்த பிறகு பிரஷைப் பிடிக்கக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இனி வரைந்த முறை. உங்களுக்கும் உதவலாம்.

பழைய படத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து அழுத்தி வரையவே கூடாது, காகிதம் நொறுங்கும். நான் படத்தை மறுபடி சட்டத்துக்குள் வைத்து, கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்கும் வெள்ளை நூல் கட்டி ஓரத்தில் டேப் ஒட்டினேன். படம் 20 அங்குல உயரம், 14 அங்குல அகலம். இரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் விட்டால் மொத்தம் 70 கட்டம். நோட்டில் ஒரு அங்குலக் கட்டமாக அதே 70. அப்படியே பாதி அளவில் இறங்கி விடும். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்த்து வரைய வேண்டும். "இது கை, இது யானை" என்று நினைத்தால் கை கோணிப் போகும். புள்ளி வைத்துக் கோலம் போட்ட கைக்கு இது பெரிய வித்தை இல்லை.

பென்சில் கோடு லேசாக இருக்கட்டும். அழுத்தினால் நிறத்துக்கு அடியில் கறுப்பாகத் தெரியும். தாள் 300 ஜி.எஸ்.எம். கனமாவது இருந்தால் தண்ணீர் பட்டு அலை அலையாகச் சுருளாது.

வாட்டர் கலரில் வெள்ளை என்பது தாள்தான். முத்து, கண்ணின் ஒளி, தந்தம், தண்ணீரில் விழுந்த வெளிச்சம் இவற்றை எல்லாம் முதலிலேயே காலியாக விட்டு விட வேண்டும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் யானையின் சாம்பல் நிறம் தாமரைக்குள் ஓடி விடும். எனக்கு ஓடியது! உடம்பு நிறத்துக்கு மஞ்சள் ஓக்கரில் துளி சிவப்பு, நிறையத் தண்ணீர். நிழலுக்குப் பர்ன்ட் சியன்னாவில் ஒரு சொட்டு நீலம். கறுப்பைத் தொடவே வேண்டாம். முகம் அழுக்காகி விடும்.

ஜரிகைக்குத் தங்கப் பொடி வாங்கப் போகாதீர்கள். மஞ்சள் ஓக்கரைப் பூசி, நடுவில் மினுங்கும் இடத்தை வெள்ளையாக விட்டு, ஓரத்தில் மெல்லிய காப்பிக் கலர் கோடு இழுத்தால் தள்ளி நின்று பார்க்கும்போது தங்கமாகத் தெரியும்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் புடவையில் இருந்தது. துணி உரிந்து வந்ததால், அதற்கு அடியில் இருந்த அச்சுப் புடவை வெளியே தெரிந்தது. படம் முழுதும் பழுப்பேறிக் கிடக்க, அந்த இடம் மட்டும் இன்றைக்கு அச்சடித்த மாதிரி ரோஜா கலந்த சிவப்பு! இத்தனை வருஷமாக வெளிச்சமே படாமல் துணி காப்பாற்றி வைத்திருக்கிறது. வெயிலும் டியூப் லைட்டும் நிறத்தை எப்படித் தின்கின்றன என்பதை அன்று கண்ணால் பார்த்தேன். "அப்படியானால் லட்சுமி முதலில் இருந்த மாதிரியே வரைந்து விடுவோம்" என்று தீர்மானித்தேன். போன முகத்துக்கு, கும்பகோணத்தில் ஒரு உறவினர் வீட்டில் இருந்த இதே படத்தைப் போட்டோ எடுத்து வந்து பார்த்துக் கொண்டேன்.

பதினாறு மத்தியானம் ஆயிற்று. முடித்த அன்று நோட்டை எடுத்துக் கொண்டு போய் அத்தையிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு. யானைக் கண்ணு அப்படியே இருக்கு" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்த வார்த்தை.

"ஆனா இது நம்ம வீட்டு லட்சுமி இல்லையேம்மா."

"அத்தை, ரவிவர்மா வரைஞ்சது இப்படித்தான். துணிக்கு அடியில இந்தப் புடவைதான் இருந்துச்சு."

"இருக்கட்டும். நான் தெனம் கும்புட்டது இந்தப் புடவையில இல்லையே."

சொல்லி விட்டு எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். சுருட்டி வைத்த துணியைக் கொண்டு வந்து என் மடியில் விரித்தார். வெளிச்சத்தில் பார்த்தால் அது வெறும் சிவப்பு இல்லை. பொடிக் கட்டம் போட்ட கூறைநாட்டுப் புடவை. கூறைநாடு எங்கள் ஊரிலேயே இருக்கிற பகுதிதான். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்வது அங்கே பேர் போனது. கறுத்திருந்த ஓரத்தை விரலால் தடவிக் காட்டினார். பூஞ்சணம் இல்லை. தீய்ந்த தழும்பு.

"இது என் கூறைப் புடவைம்மா. 1964ல கல்யாணம். எனக்குப் பத்தொம்பது வயசு. தலைக் கார்த்திகைக்குக் கூறையக் கட்டிக்கிட்டு வாசல் பூரா அகல் ஏத்துனேன். குனிஞ்சு நிமிர்றேன், முந்தானைல பத்திக்கிச்சு. பெரிய ஆத்தா ஓடியாந்து கையாலயே அடிச்சு அணைச்சாங்க."

பெரிய ஆத்தா என்பது அத்தையின் மாமியாருக்கு மாமியார். அத்தை மேலே சொன்னார்.

"கூறை தீஞ்சா அபசகுனம்னு சொல்லுவாங்களே. என் மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், தாய் வீட்டுக்கே அனுப்பிடுவாங்கன்னு நடுங்கிட்டு நிக்கிறேன். 'தீ துணியிலதான பட்டுச்சு, உன் மேல படலையே, அது போதும்'னு சொன்னாங்க பெரிய ஆத்தா. அன்னைக்கு ராவோட ராவா முந்தானையக் கிழிச்சாங்க. மறுநாள் என் மாமியார் கேட்டப்ப, 'தாயாருக்குச் சாத்தணும்னு தோணுச்சு, நான்தான் புள்ளகிட்ட கேட்டு வாங்கினேன்'னு சொல்லிட்டாங்க. மாமியாருக்கு அவங்க மாமியார் முன்னால பேச முடியுமா? தை பொறக்குற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் உக்காந்து மடிச்சு, ஒட்டி, சம்கி தச்சோம். தீஞ்ச ஓரத்த உள்ள மடிச்சு விட்டது நான்தான்."

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"உன் மேல கோவம்னு நெனச்சிக்கிட்டியா? கோவம் இல்லம்மா. அது கைல உரிஞ்சு வந்தப்ப, மறைச்சதெல்லாம் வெளிய வந்துடுச்சேன்னு அன்னைக்கு மாதிரியே வயித்தக் கலக்கிடுச்சு. கேக்கறதுக்கு இப்ப யாரு இருக்கா? எல்லாரும் போயிட்டாங்க. இருந்தாலும் பயம் மட்டும் போகல பாரு."

நோன்பன்று உறவுக்காரர்கள் முன்னால் "நான்தான் எடுத்து வைக்கச் சொன்னேன்" என்று அத்தை சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் பெரிய ஆத்தா சொன்ன அதே வார்த்தை மாதிரி அல்லவா?

மறுநாளே அடுத்த பக்கத்தில் 70 கட்டம் போட்டேன். இந்தத் தடவை ரவிவர்மாவுக்குப் பதில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படம் நின்றது போலவே பழுப்பு வரட்டும் என்று முதலில் தாள் முழுக்க மஞ்சள் ஓக்கர் கலந்த வெளிர் காப்பி நிறத்தை ஒரு பூச்சுப் பூசினேன். சிலர் டீத் தண்ணீர் பூசுவார்கள். அது வேண்டாம், தாளைச் சீக்கிரம் கெடுத்து விடும். மெழுகுவத்தியின் முனையைச் சீவி, சம்கி வர வேண்டிய இடத்தில் எல்லாம் புள்ளி வைத்தேன். மெழுகு பட்ட இடத்தில் வாட்டர் கலர் ஒட்டாது. மேலே சிவப்பைப் பூசினால் புள்ளி புள்ளியாக மின்னும்.

சிவப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மலிவு டப்பாவில் இருக்கிற கிரிம்சன் பார்க்க அழகாக இருந்தாலும் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்து விடலாம். சில டியூப்களில் நிறம் எவ்வளவு நாள் நிற்கும் என்று நட்சத்திரக் குறியோ எழுத்தோ போட்டிருப்பார்கள். பார்த்து வாங்குங்கள். நான் இதற்காகத் தனியாக ஒரு சிவப்பு டியூப் வாங்கினேன்.

செங்கல் நிறத்தில் பூச ஆரம்பித்ததும் அத்தை தடுத்தார். "இவ்வளவு மங்கல் வேணாம். நாங்க சாத்துனப்ப ரத்தச் சிவப்பா இருந்துச்சு." நான் துளித் துளியாகக் கலந்து ஓரத்தாளில் பூசிக் காட்டினேன். "இல்ல... இல்ல... கொஞ்சம் கறுக்கணும்... ஆங், இதுதான்!" ஏழாவது தடவை அத்தையின் முகம் மலர்ந்தது பாருங்கள், அந்த நிறத்தை இனி நான் மறக்க மாட்டேன். சிவப்பு காய்ந்ததும் மெல்லிய பிரஷால் கட்டம் போட்டேன். ஒரு இடத்தில் ஜரிகை கோணலாக இருந்தது. நேராக்கப் போனேன். "அப்படியே விடு. அது நான் தச்ச எடம். பெரிய ஆத்தா தச்சது நேரா இருக்கும்" என்று சிரித்தார். கோணலாகவே வரைந்தேன். தீய்ந்த ஓரத்தையும் விட்டு விடவில்லை. கொசுவத்தின் ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் கறுப்பு. பார்க்கிறவர்களுக்கு நிழல் மாதிரி இருக்கும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

முடித்த பிறகு, அச்சுப் படத்தில் இருக்கிற மாதிரி அடியில் பெயர் எழுத வேண்டும். ஓவியர் ரவிவர்மா என்று எழுதினேன். அதற்கு அடியில் "புடவை சாத்தியவர்" என்று எழுதி, அத்தை பெயரைப் போட்டேன். "பெரிய ஆத்தா பேரு என்ன அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை யோசித்தார். யோசித்துக் கொண்டே இருந்தார். "எல்லாரும் பெரிய ஆத்தான்னுதான் கூப்புடுவோம். பேரு... தெரியலையேம்மா" என்றார். அவர் கண் கலங்கி விட்டது. தன்னைக் காப்பாற்றிய மனுஷியின் பெயர் அவருக்கே தெரியவில்லை! என்னவருக்கும் தெரியவில்லை. மூத்த நாத்தனாருக்குப் போன் போட்டோம். அவருக்கும் தெரியாது. கடைசியில் என்னவர் பரணில் இருந்த பழைய பத்திரக் கட்டை இறக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புரட்டி, ஒரு நிலப் பத்திரத்தில் இன்னார் மனைவி இன்னார் என்று கண்டுபிடித்தார். அத்தை அந்தப் பெயரை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அதையும் எழுதினேன்.

பெயர்களை இங்கே எழுதவில்லை. "வீட்டுப் பொம்பளைங்க பேரு பேப்பர்ல எதுக்கு? நோட்டுல இருந்தா போதும்" என்று அத்தை உத்தரவு. கதையை எழுத மட்டும் அனுமதி கொடுத்தார். "இனிமே தெரிஞ்சா என்ன போச்சு" என்று விட்டார்.

பாழான படத்தைத் தூக்கிப் போடவில்லை. பழைய படம் வைத்திருக்கிற சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்து கொண்டதைச் சொல்கிறேன். ஈரத் துணி, எண்ணெய், விபூதி எதுவும் படத்தின் மேல் படக் கூடாது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும், படத்தைக் கீழே இறக்கி வைத்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே தூசி இருந்தால் மிருதுவான உலர்ந்த பிரஷ் போதும். வார்னிஷ் வெடித்திருந்தால் அதுவும் வேண்டாம். விளக்குக்கு நேர் மேலே மாட்டாதீர்கள். புகையும் சூடும் ஆகாது. ஓதம் ஏறுகிற சுவரிலும் வேண்டாம். மாவுப் பசை உள்ள படத்தைப் பாச்சை அரிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை பின்பக்கம் பாருங்கள். ரொம்ப அருமையான படமாக இருந்தால் நீங்களே கை வைக்காமல் விஷயம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பழம்பொருட்களைப் பாதுகாக்கவென்றே வேதியியல் பிரிவு ஒன்று உண்டு.

முதலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வரைய வருமானால் வரைந்து வையுங்கள். வரையத் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் உண்டு என்றேனே, அது இதுதான். அந்தப் படம் யார் வாங்கியது, யார் சாத்தியது, யார் தைத்தது என்று வீட்டுப் பெரியவர்களை இன்றைக்கே கேட்டு, பேரோடு ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்பக்கம் வையுங்கள். ரவிவர்மாவின் பெயர் படத்திலேயே அச்சடித்து இருக்கிறது. அது எங்கேயும் போகாது. பெரிய ஆத்தாவின் பெயருக்கு நாங்கள் பரணில் ஏற வேண்டி வந்தது.

இப்போது என் நோட்டில் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு லட்சுமி இருக்கிறார்கள். ஒன்று ரவிவர்மா வரைந்தது. இன்னொன்று எங்கள் வீட்டது. வருகிறவர்களிடம் அத்தையே நோட்டை எடுத்துக் காட்டுகிறார். முதல் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டி விட்டு இரண்டாவதில்தான் விரலை வைப்பார்.

"இந்த எடத்துல கோணலா இருக்கு பாருங்க, அது நான் தச்சது."

— ஒரு வாசகி, மயிலாடுதுறை.